தனஞ்செயனுக்கு மீதமிருந்த லீவு

ஆவணி மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு, இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்தும் வானம் வெளுக்காமல், ஓடுகளின் நுனியில் கடைசித் துளிகள் விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்த வேளையில், வேலூருக்குத் தெற்கேயுள்ள கீழ்ச்செம்பேடு கிராமத்தின் பட்டாளத்தார் தெருவில், இருபத்துமூன்று நாட்களுக்கு முன் இமயமலைச் சாலையொன்றில் மண்சரிவில் மாண்டுபோன ராணுவ நாயக் தனஞ்செயனின் வாசனை, தேசம்மாளின் துவைகல்லிலிருந்து எழுந்து, ஈரச் சட்டையை அங்கேயே விட்டுவிட்டு, தெருவில் இறங்கி நடந்தது.

வாசனைக்குக் கால் உண்டா என்று கேட்கும் வழக்கம் அந்த ஊருக்கு இல்லை. சாணத்தையும் மழைமண்ணையும் விலக்கிக்கொண்டு, தேங்காய் எண்ணெயும், தகரப் பெட்டியின் பாச்சை உருண்டையும், துப்பாக்கி எண்ணெயும், நனைந்த நாய்முடியும், இவை எல்லாவற்றுக்கும் அடியில் உரித்த பச்சை வேர்க்கடலையைப் போன்ற ஓர் உடல்மணமும் ஒன்றாகச் சேர்ந்து டீக்கடையின் முன்னால் வந்து நின்றபோது, பாலை ஆற்றிக்கொண்டிருந்த முனிரத்தினம் நிமிராமலேயே கேட்டான்: "இன்னா தனா, எப்ப வந்த? ஸ்ட்ராங்கா ஒண்ணு போடட்டா?" கேட்ட பிறகுதான், பதினாறாம் நாள் காரியத்தன்று பந்திக்குத் தன் கையாலேயே பாய் விரித்தது அவனுக்கு நினைவு வந்தது. ஆனாலும் கேட்டது கேட்டதுதான். டீயைப் போட்டு, பெஞ்சின் ஓரத்தில் வைத்தான். ஒரு கிளாஸ் டீ ஆறும் நேரம் வாசனை அங்கே இருந்தது. பிறகு ஏரிக்கரைப் பக்கமாகப் போயிற்று.

இது ஏன் நிகழ்ந்தது என்று சொல்ல யாராலும் முடியாது. எப்படித் தொடங்கியது என்று சொல்லலாம்.

தனஞ்செயனின் அக்கா கமலவேணி, பக்கத்து ஊர் மேல்நிலைப்பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். பாடம் நடத்துவதில்லை என்றாலும் ஊருக்கு அவள் டீச்சரம்மாதான். தாயும் தகப்பனும் ஒரே ஆண்டில் போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு ஐந்து. அவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, பட்டாளத்துக்கும் அனுப்பி முடித்தபோது, தனக்கென்று பார்க்க வேண்டியிருந்தவை எல்லாம் எப்போதோ பார்க்கப்படாமலேயே கடந்துபோயிருந்தன. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, யாரும் அவளிடம் கேட்டதுமில்லை. தனஞ்செயன் ராணுவத்தில் நாய்களைக் கையாளும் வீரனாக இருந்தான். வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் பிஜிலி என்ற பழுப்பு நிறப் பெண்நாய் அவன் பொறுப்பில் ஐந்து ஆண்டுகள் இருந்தது. அவன் தூங்கும்போது அது தூங்கியது; அவன் முன்னே போகாதே என்றால் நின்றது; அது நின்ற இடத்தில் அவனும், அவனுக்குப் பின்னால் முப்பது பேரும் நின்றார்கள்.

வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்த அந்தத் தெருவில், மாதத்தின் முதல் சனிக்கிழமை என்பது பார்சல் தைக்கும் நாள். முறுக்கும் பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் அட்டைப்பெட்டியில் அடங்க, பெட்டியைச் சுற்றி வெள்ளைக் காடாத்துணியை இழுத்துப் பிடித்துத் தைத்து, மேலே ராணுவ அஞ்சல் எண்ணை அழியாத மையில் எழுதுவார்கள். கமலவேணி மட்டும் இரண்டு பார்சல்கள் தைத்தாள். முதல் முறை பிஜிலிக்கென்று அதிரசம் அனுப்பி, 'அக்கா, இவளுக்கு ரேஷன் கிராம் கணக்கில், அதிரசம் தின்றால் எனக்குத் தண்டனை' என்று தம்பி எழுதியதிலிருந்து, தின்பண்டத்தை நிறுத்திவிட்டு, பனியில் வெடிக்கும் பாதங்களுக்கு வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயும், பழந்துணியை முறுக்கிக் கட்டிய பந்தும், முன்கால் இரண்டுக்கு ஓர் அளவும் பின்கால் இரண்டுக்கு வேறோர் அளவுமாகக் கம்பளியில் பின்னிய காலுறைகளும் அனுப்பிவந்தாள். "தம்பி பொண்டாட்டிக்குக்கூட இப்படி ஒரு நாத்தனார் கெடைக்க மாட்டாடி, அந்த நாய் போன ஜென்மத்துல இன்னா தவம் பண்ணிச்சோ" என்று எதிர்வீட்டுத் தேசம்மாள் சிரிப்பாள். அடுத்தடுத்த ஆண்டுகளில் தேசம்மாளே தன் பழைய சேலைகளைப் பந்துக்கென்று கிழித்துக் கொடுத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கு முந்திய திங்கட்கிழமை மாலை ஒரு கடிதம் வந்தது. இந்தியில் எழுதப்பட்டிருந்ததால், தெருவின் ஓய்வுபெற்ற சுபேதார் ஏகாம்பரம் தன் வீட்டு வாசலில் நின்று அதைக் கமலவேணிக்குத் தமிழாக்கிச் சொன்னார். ஹர்கேஷ் என்ற சிப்பாய் எழுதியிருந்தான். பிஜிலியை இப்போது அவன் கையில் ஒப்படைத்திருக்கிறார்கள். மண்சரிவில் அவள் தப்பினாள். ஆனால் அவன் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை. ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். உஸ்தாத் தனஞ்செயனின் கம்பளிகளை யாரோ கொதிநீரில் போட்டுவிட்டார்கள், பெட்டியையும் மருந்தடித்துச் சுத்தம் செய்துவிட்டார்கள், இங்கே அவருடைய வாசனை உள்ள பொருள் ஒன்றுகூட இல்லை. அவர் உடுத்தி, துவைக்காமல் விட்ட துணி ஏதாவது வீட்டில் இருந்தால், அக்கா, அதை அனுப்புங்கள், டாக்டர் இரண்டு வாரம் தாங்கினால் அதிகம் என்கிறார்.

இருந்தது. சித்திரையில் லீவு முடிந்து கிளம்பிய அன்று காலை கழற்றி மாட்டிய நீலக்கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. இறந்தவர் துணியைப் பதினாறாம் நாளுக்குள் வெளுத்துத் தானம் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்த ஊரின் கட்டுப்பாடு; கமலவேணி மற்ற எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு இந்த ஒன்றைக் கொடுக்கவில்லை. தினமும் விடிந்ததும் அதில் முகத்தைப் புதைத்து ஒரே ஒரு மூச்சு இழுப்பாள். ஒன்றுக்கு மேல் இழுப்பதில்லை. மூடி திறந்துவைத்த புட்டியில் என்ன நடக்கும் என்பதை இருபது ஆண்டுகளாக ஆய்வகத்தில் பார்த்தவள் அவள்.

"அந்தச் சட்டைய நாளைக்கு அனுப்பிடறேன் மாமா" என்று அவள் சொன்னபோது, ஆட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் போன தேசம்மாளின் காதில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் விழுந்தது. கடிதத்தை அவள் கேட்கவில்லை. ஆகவே மறுநாள் காலை, கமலவேணி காடாத்துணி வாங்கப் பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்த நேரத்தில், எப்போதும் தன்னிடம் இருக்கும் மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து, சட்டையை எடுத்துச் சோப்புத்தூளில் ஊறவைத்து, கல்லில் அடித்து, நீலம் போட்டுப் பிழிந்தாள். அந்தத் தெருவிலிருந்து அழுக்குத்துணி பட்டாளத்துக்குப் போனதாகச் சரித்திரமில்லை. பார்சலை அங்கே அதிகாரிகள் முன்னால் பிரிப்பார்கள் என்பது ஊரறிந்த செய்தி. ஒரு கைக்குட்டையைக்கூடக் கஞ்சி போட்டுத் தேய்த்துத்தான் அனுப்புவார்கள்.

காடாத்துணியோடு திரும்பிய கமலவேணி, கொடியில் சொட்டிக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்தாள்.

"வந்துட்டியா? பாரு, புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்றாள் தேசம்மாள். "நீ துக்கத்துல கீற, மறந்துட்டிருப்ப. அந்தக் கோலத்துல அனுப்பினா, செம்பேட்டுப் பொம்பளைங்களுக்குச் சோப்பு வாங்க வக்கில்லன்னு சொல்ல மாட்டானுங்களா?"

கமலவேணி சட்டையின் அருகே போனாள். முகத்தை வைக்கவில்லை. "காலர்ல தேச்சீங்களா, பெரிம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"ப்ரஷ் போட்டே தேச்சேன்டி."

அப்போதுதான் முனிரத்தினம் கையில் டீ கிளாஸோடு தெருமுனையிலிருந்து ஓடிவந்தான்.

மாலைக்குள் ஊர் அதற்கு ஒரு பெயர் கண்டுபிடித்துவிட்டது. டீக்கடைப் பெஞ்சில் நடுவே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்க, சுபேதார் ஏகாம்பரம் தீர்ப்புச் சொன்னார்: "வருஷத்துக்கு ரெண்டு மாசம் லீவு. பங்குனியில வந்தப்ப நாப்பது நாள்தான் எடுத்தான், நான்தான் பாரத்த எழுதிக் கொடுத்தேன். மீதி இருபது நாள் பாக்கி கீது. அதுல வந்திருக்கான். இதுல இன்னா பெரிய ஆச்சரியம்?" அவர் முப்பது ஆண்டுகள் பட்டாளத்தில் இருந்தவர், லீவு விதிகளில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. பேய் என்று முணுமுணுத்த ஒருவனையும், "ஏண்டா, பேய்க்கு எவன்டா துப்பாக்கி எண்ணெய் குடுக்கறான்?" என்று கேட்டு உட்காரவைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு லீவில் வந்தவனுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் அவனுக்கு நடந்தது. காலை ஐந்தரைக்கு வாசனை ஏரிக்கரையில் ஓடியது, அவன் ஓடிய அதே வேகத்தில். நடைபோக வந்தவர்கள் காற்றில் அது நெருங்குவதை உணர்ந்து ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். தெருநாய்கள் ஏழும், தங்களுக்குள் ஒருநாளும் ஒத்துப்போகாதவை, குரைப்பை மறந்து வரிசையாக அதன் பின்னால் ஓடின. ஒன்பது மணிக்கு டீக்கடை. பதினொன்றுக்கு முடிதிருத்தும் கடையில் காலியாக இருக்கும் நாற்காலி. மத்தியானம் விருந்து. லீவில் வரும் பட்டாளத்தானுக்குத் தெருவில் ஒவ்வொரு வீடும் ஒருவேளை சோறு போட வேண்டும் என்பது மரபு. முறை வைத்து இலை போட்டார்கள். நடுக்கூடத்தில் மனை போட்டு, "சாப்பிடு தனா, மொச்சைக் கொட்டை உனக்குப் பிடிக்குமே" என்று பரிமாறிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவன் எழுந்துபோன பிறகு, இலையில் இருந்த குழம்பில் மணம் இருக்காது. உப்பும் புளியும் மட்டும் நாக்கில் நிற்கும். அதை ஆட்டுக்கு வைத்தால் ஆடு முகர்ந்து பார்த்துக் குழம்பிப்போய் நிற்கும். முறை வராத வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். மொச்சைக்குழம்பு வைத்த வீட்டில் அவன் கூடுதலாகக் கால்மணி நேரம் இருந்ததாகவும், கருவாட்டுக்குழம்பு வைத்த வீட்டில் வாசற்படியிலேயே திரும்பிவிட்டதாகவும் பேச்சு எழுந்து, இரண்டு வீட்டுப் பெண்கள் மூன்று நாட்கள் பேசிக்கொள்ளவில்லை.

மாலை ஏழே முக்காலுக்கு அது வீட்டுக்கு வந்தது. முற்றத்தைக் கடந்து, கூடத்தில் கமலவேணியின் நாற்காலிக்கு எதிரே, சுவரோரம் நின்றது. அவள் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தாமல் அன்றைய செய்திகளைச் சொன்னாள். பள்ளிக்கு அவள் இன்னும் போகத் தொடங்கவில்லை. ஆகவே செய்திகள் அதிகமில்லை. உளுந்து விலையையும், குழாயில் தண்ணீர் வந்த நேரத்தையும், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அவன் உடைத்த மண்பானையையும் சொன்னாள். பதில் வராத பேச்சு அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இப்போது பதில் வராவிட்டாலும் கேட்பதற்கு ஒருவன் இருந்தான். இப்போது மூச்சை அவள் எண்ணவில்லை. இழுக்க இழுக்க வந்தது. காய்ந்த சட்டை மடித்தபடி பெட்டிக்குள் கிடந்தது. வாங்கிய காடாத்துணி பிரிக்கப்படாத பொட்டலமாக அலமாரியில் இருந்தது. கடிதத்துக்கு அவள் பதில் எழுதவில்லை. எழுதாத ஒவ்வொரு நாளும் என்னவென்று அவளுக்குத் தெரியும். இரண்டு வாரம் என்று டாக்டர் சொல்லியிருந்ததை, தான் விரும்பாவிட்டாலும், அவள் மனம் ஒவ்வொரு விடியலிலும் ஒன்று ஒன்றாகக் கழித்துக்கொண்டே வந்தது.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை எட்டு மணி ஆவதற்குள் சுபேதார் கைபேசியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"அந்த ஹரியானாக்காரப் பையன், ஹர்கேஷு. துணி எப்ப அனுப்பினீங்கன்னு கேக்கறான். இன்னா சொல்ல?"

"சட்டைய வெளுத்துட்டாங்கன்னு சொல்லுங்க மாமா. அனுப்ப ஒண்ணுமில்லன்னு."

சுபேதார் மூக்கை உயர்த்தினார். "ஒண்ணுமில்லியா? தோ, எதிர்ல நிக்கிறானே."

"லீவு இன்னும் பதினாலு நாள் கீது. நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்ப பதினாலு நாள் கழிச்சுப் பார்க்கலாம்."

சுபேதார் இந்தியில் ஏதோ கேட்டார். மறுமுனை ஏதோ சொன்னது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏழெட்டு நாளுக்கு மேல தாங்காதாம். பக்கத்துலதான் படுத்திருக்காளாம். கேக்கறியா?" என்று, அவள் சரி என்பதற்கு முன்பே, ஒலிபெருக்கியைப் போட்டுக் கைபேசியைத் தரையில் வைத்தார்.

குரைப்பு ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. இழுக்கும்போது ஒரு கரகரப்பு, விடும்போது நீண்ட ஓர் இடைவெளி, அடுத்த மூச்சு வருமா என்று கேட்பவரைக் காக்கவைக்கும் இடைவெளி. பிறகு மறுபடி ஓர் இழுப்பு, எதையோ தேடி, கிடைக்காமல், விட்டுவிடும் இழுப்பு.

சுவரோரம் நின்ற வாசனை அசைந்தது. கமலவேணியைக் கடந்து, அவள் சேலைத்தலைப்பைத் தொடும் நெருக்கத்தில் கடந்து, தரையில் கிடந்த கைபேசியை நெருங்கிச் சூழ்ந்துகொண்டது. நாய்முடியின் ஈரமணம் அதில் மேலோங்கி எழுந்தது.

"தனா, உக்காரு" என்றாள் அவள். "தனா, அக்கா சொல்றேன்ல. உக்காரு."

அது உட்காரவில்லை.

"எனக்குப் பொண்ணு பொறந்து மூணாம் நாள்" என்றார் சுபேதார், அவளைப் பாராமல், "தந்தி வந்துச்சு. லீவு ரத்து, உடனே வா. பையக் கட்டிக்கினு கிளம்பிட்டேன். உன் அத்தை கதவப் புடிச்சிக்கினு, எவன்யா அவன் உன்னக் கூப்பிடறவன், அவன் மூஞ்சிய நான் பாக்கணும்னு கத்தினா. நான் இன்னா சொல்ல? எனக்கே தெரியாது எவன்னு." அவர் கைபேசியை எடுத்துக்கொண்டார். "இங்க கூப்பிடறது யாருன்னாவது தெரியுது. இதுக்கு மேல நான் பேச மாட்டேன். நீ படிச்சவ."

அவர் போன பிறகு கமலவேணி வெகுநேரம் நாற்காலியில் இருந்தாள். கைபேசியின் பின்னாலேயே போன வாசனை நடைவாசலை விட்டு நகரவில்லை. சித்திரையில் கிளம்புவதற்கு முந்தைய மாலையிலும் அவன் அப்படித்தான் அங்கேயே நின்றான். இங்கே இருந்துகொண்டே அங்கே போய்விட்டவனைப் போல. அன்று அதைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. இப்போதும் வந்தது. "போ, போய் அவளையே கட்டிக்க" என்று அன்று சொன்னதை இன்றும் சொன்னாள், அதே குரலில். சொல்லி முடித்துவிட்டு எழுந்து, காடாத்துணியின் பொட்டலத்தைப் பிரித்தாள்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு, ஓட்டத்துக்கு நேரமாவதற்கு முன், கூடத்தைச் சோப்பில்லாமல் வெறுந்தண்ணீரால் கழுவி, ஊதுவத்தி ஏற்றாமல், அடுப்பும் மூட்டாமல், துணியைத் தரையில் விரித்தாள். அதன் மேல் சட்டையை, மல்லாந்து படுத்தவனைப் போல, இரண்டு கைகளையும் அகற்றிப் பொத்தான்களைத் திறந்து வைத்தாள். காலுறைகளை அதில் சேர்க்கவில்லை. கம்பளியின் மணம் குறுக்கே வரும். எண்ணெயும் கூடாது. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க வந்த தேசம்மாள் உள்ளே வரத் துணியாமல் படியிலேயே நின்றாள்.

"என் கையாலதானேடி போச்சு" என்றாள்.

"உங்க கையால போகல, பெரிம்மா. உங்க கையாலதான் வெளிய வந்தான். நூலக் கொடுங்க."

"நான் மூக்கப் பொத்திக்கினு நிக்கட்டா?"

"நில்லுங்க."

கமலவேணி ஈரத்துண்டை நான்காக மடித்துத் தன் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அவள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் அங்கே பிஜிலிக்கு ஒன்று குறையும் என்று அவளுக்குத் தோன்றியது; ஆய்வகத்தில் இருபது ஆண்டுகள் அளந்து ஊற்றிய கைக்கு வேறு விதமாகத் தோன்ற வழியில்லை. பிறகு, தம்பி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தான் சொல்லும் சொற்களையே துண்டுக்குள்ளிருந்து சொன்னாள்: "தனா, பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா."

அவன் சட்டைக்குள் வந்தானா இல்லையா என்பதை அவளால் அறிய முடியவில்லை. அறிய ஒரே வழியை அவளே கட்டியடைத்திருந்தாள். ஆனால் ஐந்தரை மணி ஓட்டத்துக்காக வாசலில் வரிசையாகக் காத்திருந்த ஏழு தெருநாய்களும், ஒரே நேரத்தில் எழுந்து படியருகே வந்து, வெள்ளைத்துணியின் நடுவில் கிடந்த நீலக்கட்டச் சட்டையைப் பார்த்தன. பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக முன்கால்களை நீட்டி, தலையைத் தரையில் வைத்துப் படுத்தன.

அவள் சட்டையை மடித்தாள். துணியை மூடினாள். தைத்தாள். வழக்கமாக விரற்கடைக்கு இரண்டு தையல் போடுபவள், அன்று ஐந்து போட்டாள். துண்டுக்கு மேல் கண்ணீர் இறங்கியபோது, அது துணியில் சொட்டிவிடாமல் தலையைப் பின்னால் சாய்த்துக் காத்திருந்து, மறுபடி குனிந்து தைத்தாள். கடைசி முடிச்சைப் போட்டுப் பல்லால் நூலைக் கடிக்காமல் கத்தரியால் வெட்டிய பிறகு, துண்டைக் கழற்றினாள். கூடத்தில் ஈரத்தரை மணத்தது. வேறு எதுவும் இல்லை.

லீவு முடிந்து கிளம்புபவனைப் பஸ் ஏற்றிவிடத் தெருவே போவது வழக்கம். பஸ் திரும்பி மறையும்வரை யாரும் அழக்கூடாது என்பதும் வழக்கம். ஒன்பது மணிக்குக் கமலவேணி பார்சலை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடக்க, தெரு அவள் பின்னால் அஞ்சலகத்துக்கு நடந்தது. முனிரத்தினம் ஒரு கிளாஸ் டீயை அஞ்சலகத்தின் படிவரை கொண்டுவந்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். அஞ்சலகத்தைப் பார்த்துக்கொண்ட நஸ்ரீன், பார்சலைத் தராசில் வைத்துவிட்டு, தையல் மேல் முத்திரையிட அரக்கை எடுத்துத் தீக்குச்சியைக் கிழித்தாள்.

"அரக்கு வேணாம்மா. புகை உள்ள எறங்கும்."

"ரூல் கீதே, டீச்சரம்மா."

"தையலைப் பாரு. இதைப் பிரிச்சு மறுபடி இதே மாதிரி தைக்க எவனால முடியும்?"

நஸ்ரீன் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். தீக்குச்சியை ஊதி அணைத்தாள். பேனாவை எடுத்தாள். "உள்ள இன்னா?"

"சட்டை. ஒண்ணு."

"புதுசா, பழசா?"

"போட்டுக்கினு இருக்கறது" என்றாள் கமலவேணி. நஸ்ரீன் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அப்படியே எழுதிக்கொண்டாள்.

அந்த வாரம் ஊரில் எல்லாம் அதனதன் மணத்தில் இருந்தன. ஏரிக்கரையில் பாசி மணந்தது. மொச்சைக்குழம்பு மொச்சைக்குழம்பாக மணந்தது. தெருநாய்கள் மறுபடி ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. மாலை ஏழே முக்காலுக்கு யாரும் வராத கூடத்தில் கமலவேணி உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு நாட்கள் உளுந்து விலையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூன்றாம் நாளிலிருந்து வாயெடுக்கவில்லை. பார்சல் எந்த ஊரில் இருக்கும், எந்த ரயிலின் எந்தச் சாக்கில் இருக்கும் என்று யோசிப்பதைவிட, அதற்குள் ஒன்றுமே இல்லாமல் இருக்குமோ என்று யோசிப்பதற்கே அவளுக்கு அதிக நேரம் தேவைப்பட்டது. முகர்ந்து பார்க்காமல் அனுப்பியவள் அவள். சோப்பும் நீலமும் மட்டுமே மணக்கும் ஒரு சட்டையைப் பிரித்து, அந்த நாய் ஒருமுறை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதை, விழித்துக்கொண்டிருக்கும்போதே பலமுறை கண்டாள்.

அடுத்த ஞாயிறு மாலை ஆறு மணிக்குச் சுபேதாரின் கைபேசி ஒலித்தது. தெருவில் நின்றபடியே அவர் ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டுத் தமிழில் சொன்னார்; சொல்லச் சொல்ல, கதவுகள் திறந்து ஆட்கள் வந்து நின்றார்கள்.

"நேத்து மத்தியானம் தபால் வண்டி வந்துச்சாம். வண்டி கீழ வளைவுல வரும்போதே, இங்க மேல படுத்திருந்தவ தலையத் தூக்கினாளாம்... எழுந்துட்டாளாம். ஊசிய இழுத்துக்கினு வாசல் வரைக்கும் வந்துட்டாளாம்... பார்சலப் பிரிக்க விடலயாம். தையல்மேல கத்தி வெச்சா உறுமறாளாம். அதும்மேல மோவாய வெச்சிக்கினு தூங்கினாளாம், ராவெல்லாம்... இன்னிக்குக் காலையில" – சுபேதார் இங்கே கைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார் – "அவன் கையால கஞ்சி குடிச்சாளாம். ரெண்டு கிண்ணம்."

கமலவேணி கைபேசியை வாங்கினாள். இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. "தையலைப் பிரிக்க வேணாம்" என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

மறுமுனையில் ஹர்கேஷ், புரிந்தவனைப் போல, "ஜி, அக்கா" என்றான்.

மறுநாள் காலை, மேகமில்லாமல் விடிந்தது. ஹர்கேஷ் என்ற அந்தச் சிப்பாய், இரண்டாயிரத்துச் சொச்சம் மைலுக்கு அப்பால், பிஜிலியின் கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டி, முகாமைச் சுற்றி நூறடி நடத்திக் கூட்டிவந்தான். சுபேதார் ஏகாம்பரம் பெட்டியிலிருந்து நல்ல சட்டையொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆரணியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினார். தேசம்மாள் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். வழியில் கருவாட்டுக்குழம்பு வீட்டுக்காரியை நிறுத்தி அரைமணி நேரம் பேசினாள். நஸ்ரீன் அஞ்சலகத்தைத் திறந்து, தேதி முத்திரையை மாற்றி, முதலில் வந்தவருக்கு மணியார்டர் பாரம் கொடுத்தாள். முனிரத்தினம் பாலைப் பொங்கவிட்டுவிட்டு அடுப்பைத் திட்டினான்.

கமலவேணி ஒரு மாதத்துக்குப் பிறகு பள்ளிக்குப் போகக் குளித்து, தலை வாரி, துவைக்க வேண்டியவற்றை எடுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தபோது, தன் தலையணை உறை கையில் வந்தது. காரணமில்லாமல் அதை முகத்தருகே கொண்டுபோனாள். சுண்ணாம்புக்கட்டியும், அரப்பும், எங்கோ அடியில் லேசாக அமிலமும் கலந்த, நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியின் மணம். இத்தனை ஆண்டுகளில் அவள் அதை ஒருமுறையும் முகர்ந்ததில்லை. முதலில் அது யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதை அனுப்பச் சொல்லி எந்த மலையிலிருந்தும் கடிதம் வராது என்பது தெரிந்தது. பிறகு, வாளியில் போடாமல், மறுபடி தலையணைக்கே மாட்டி, மூலைகளை இழுத்துச் சரிசெய்து கட்டிலில் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு எட்டு பத்து மணி பஸ்ஸுக்கு நடந்தாள்.